நெஞ்சில் விழுந்த பள்ளம்: நாற்பது வயதிலும் நிமிர்த்த முடியுமா?

1913-ம் ஆண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பணியாற்றிக்கொண்டிருந்தார் ஃபெர்டினாண்ட் சாவர்ப்ருக் என்ற ஜெர்மானிய அறுவை சிகிச்சை மருத்துவர். மார்புக்கூட்டைத் திறந்து ஆபரேஷன் செய்வதில் அன்றைய ஐரோப்பாவின் முன்னோடிகளில் ஒருவர். அவரிடம் 18 வயது இளைஞன் ஒருவன் சிகிச்சைக்கு வந்தான். அவனுடைய அப்பாவுக்குச் சொந்தமாகக் கடிகாரத் தொழிற்சாலை இருந்தது. ஆனால், பையனால் அங்கே வேலை பார்க்க முடியவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது. சட்டையைக் கழற்றினால் மார்பின் நடுவே பெரிய பள்ளம்.

விலாவின் குருத்தெலும்புகளில் சிலவற்றையும் மார்பெலும்பின் ஒரு பகுதியையும் வெட்டி எடுத்தார் சாவர்ப்ருக். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இளைஞன் அதே தொழிற்சாலையில் படபடப்போ களைப்போ இல்லாமல் ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் வேலை பார்த்ததாகப் பதிவு இருக்கிறது. (இன்றைய தொழிலாளர் சட்டம் இதற்கு ஒப்புக்கொள்ளாது என்பது வேறு விஷயம்.)

கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பையன் கண்ணாடியில் அழகாகத் தெரிய வேண்டும் என்று ஆபரேஷனுக்குப் போகவில்லை. வேலை பார்க்க முடியவில்லை என்றுதான் போனான். நூறாண்டு தாண்டியும் இந்தக் குறைபாட்டோடு மருத்துவரிடம் போகிறவர்கள் முதலில் கேட்கும் பதில், "இது சும்மா அழகு சம்பந்தப்பட்டதுதான், விட்டுடுங்க" என்பதாகவே இருக்கிறது. பலருக்கு அது சரியான பதில்தான். சிலருக்கு அது தவறான பதில். யார் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எது இந்தப் பள்ளம்?

'நெஞ்சுக்குழி' எல்லோருக்கும் உண்டு. மார்பெலும்பு முடிந்து வயிறு தொடங்கும் இடத்தில் விரல் வைத்தால் தெரியும். இங்கே பேசுவது அதைப் பற்றியல்ல. மார்பெலும்பே, குறிப்பாக அதன் கீழ்ப்பாதி, முதுகெலும்பை நோக்கி உள்ளே அமிழ்ந்துபோயிருப்பதைப் பற்றி. மருத்துவத்தில் 'பெக்டஸ் எக்ஸ்கவேட்டம்' என்பார்கள். ஜெர்மன் மொழியில் இதற்குப் 'புனல் மார்பு' என்று பெயர். 'செருப்புத் தைப்பவரின் மார்பு' என்றும் ஒரு பழைய பெயர் உண்டு. காலணி அச்சை மார்பில் அழுத்தி வைத்துத் தைத்துத் தைத்தே குழி விழுந்துவிடுகிறது என்று நம்பியிருக்கிறார்கள். பாவம், அந்தத் தொழிலாளிகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

விலா எலும்புகளையும் மார்பெலும்பையும் இணைப்பவை குருத்தெலும்புகள். காது மடலில் இருப்பதுபோல வளையக்கூடியவை. இவை ஒழுங்கின்றி வளரும்போது மார்பெலும்பை உள்ளே தள்ளிவிடுகின்றன. பல குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே லேசான பள்ளம் இருக்கும். "எண்ணெய் தேய்ச்சு நீவிவிட்டா சரியாயிடும்", "பெரியவனானா நிமிர்ந்துடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். நடப்பது பெரும்பாலும் நேர்மாறானது. 12, 13 வயதில் பையன் மளமளவென்று உயரும்போது பள்ளமும் ஆழமாகிறது. சுமார் 400 குழந்தைகளில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கு. பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு அதிகம். குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே அமைப்பு இருப்பதும் சகஜம். அப்பாவின் பழைய போட்டோக்களைத் தேடினால் சில வீடுகளில் விடை கிடைத்துவிடும்.

பையன்கள் இதை மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். தோளை முன்னால் வளைத்துக் கூன் போட்டு நிற்பது, கிணற்றுக் குளியலைத் தவிர்ப்பது, பனியனுக்கு மேல் தொளதொள சட்டை. திருச்செந்தூர் மாதிரி ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டிய கோயிலுக்குக் குடும்பமாகப் போனால், "நீங்க போய்ட்டு வாங்க, நான் செருப்பைப் பார்த்துக்கறேன்" என்று வெளியிலேயே நின்றுவிடும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம். பெண்களுக்கு இது வேறு மாதிரி வெளிப்படும். பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது ஒரு பக்க மார்பு சிறியதாக இருப்பதாகத் தோன்றும். மார்பகத்தில்தான் குறை என்று நினைத்து அதற்கான சிகிச்சையைத் தேடுவார்கள். உண்மையில் வலது பக்க எலும்புக்கூடு உள்ளே திரும்பியிருக்கும். இப்படிப் பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமலே போகும் பெண்கள் உண்டு.

ஒரு வகுத்தல் கணக்கு

பள்ளத்தின் ஆழத்தை அளக்க 1987-ல் ஓர் எளிய வழி சொன்னார் அமெரிக்கக் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர் அலெக்ஸ் ஹாலர். சி.டி ஸ்கேனில் மார்புக்கூட்டின் உட்புற அகலத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளம் மிக ஆழமாக உள்ள இடத்தில் மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள தூரத்தால் அதை வகுக்க வேண்டும். அவ்வளவுதான். அகலம் 28 சென்டிமீட்டர், ஆழம் 11 என்றால் விடை சுமார் 2.5. இது சாதாரண மார்பு. அதே அகலத்துக்கு ஆழம் 7 சென்டிமீட்டர்தான் என்றால் விடை 4. 'ஹாலர் எண்' 3.25-ஐத் தாண்டினால் கடுமையான பள்ளம் என்பது பொதுவான கணக்கு.

அந்த 7 சென்டிமீட்டருக்குள்தான் இதயம் இருக்க வேண்டும். இடம் போதாமல் அது இடது பக்கமாகத் தள்ளப்படுகிறது. மார்பெலும்புக்கு நேர் பின்னால் இருப்பது இதயத்தின் வலது கீழறை. உடலிலிருந்து திரும்பி வரும் ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புவது அதன் வேலை. மெல்லிய சுவர் கொண்டது என்பதால் எலும்பு அழுத்தினால் எளிதில் நசுங்கும்.

'எக்கோ எடுத்தாச்சு, நார்மல்னு சொல்லிட்டாங்க, அப்புறமும் ஏன் மாடி ஏறினா மூச்சு வாங்குது?' என்ற குழப்பத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. எக்கோ பரிசோதனையைப் படுக்கவைத்து, ஓய்வில் இருக்கும்போது எடுக்கிறார்கள். அந்த நிலையில் இதயத்துக்குப் பெரிய வேலை இல்லை. நிமிர்ந்து நின்று ஓடும்போதுதான் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் ரத்தம் நிரம்ப வேண்டும். நிரம்ப இடம் இல்லை. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. அதுதான் படபடப்பு. மூச்சுத்திறன் பரிசோதனையிலும் பலருக்கு எண்கள் சுமாராகச் சரியாகவே இருக்கும். காரணம், மூச்சு வாங்குவதுபோலத் தோன்றினாலும் பலருக்குச் சிக்கல் நுரையீரலைவிட இதயத்தில்தான் அதிகம். ஆகவே, அறிகுறி உள்ளவர்களுக்கு ஓடவைத்தோ சைக்கிள் மிதிக்கவைத்தோ, உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளக்கும் பரிசோதனை முக்கியம். இதைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கும்.

இருபது வயதில் பள்ளத்தோடு கிரிக்கெட் ஆடியவருக்கு 35 வயதில் ஏன் திடீரென்று தொல்லை? பள்ளம் புதிதாக ஆழமாகியிருக்க வேண்டும் என்பதில்லை. இளவயதில் மார்புக்கூடு நெகிழ்வாக இருக்கிறது. இதயத்துக்கும் சமாளிக்கும் தெம்பு இருக்கிறது. வயது ஏற ஏறக் குருத்தெலும்பு விறைக்கிறது, தெம்பு குறைகிறது. 'வயசாயிடுச்சு, தொப்பை போட்டுடுச்சு, அதான்' என்று அவரே முடிவு கட்டிவிடுவார். அதுவும் காரணமாக இருக்கலாம். அதனால்தான் பரிசோதனை.

பள்ளத்தைவிடப் பெரிய கேள்வி

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மார்பில் பள்ளம் உள்ளவர்களில் சிறிய பங்கினருக்கு 'மார்ஃபன்' என்ற மரபணுக் கோளாறு இருக்கும். ஆள் நெடுநெடுவென்று உயரம், கைகளும் விரல்களும் அளவுக்கு மீறி நீளம், முதுகில் வளைவு, சிறு வயதிலேயே கடுமையான கிட்டப்பார்வை. இவை சேர்ந்து இருந்தால் சந்தேகப்பட வேண்டும். மார்ஃபனில் ஆபத்து மார்பெலும்பில் இல்லை. இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி மெல்ல விரிந்து, ஒருநாள் கிழிந்துவிடலாம். அது உயிரைப் பறிக்கும். எக்கோவில் மகாதமனியின் அளவைப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும், தடுக்கவும் முடியும். மார்புப் பள்ளத்தைச் சரிசெய்ய விருப்பமே இல்லாதவர்கள்கூட இந்த ஒரு பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. குடும்பத்தில் யாராவது இளவயதில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

வெட்டியவரும் வளைத்தவரும்

1949-ல் அமெரிக்காவில் மார்க் ரேவிச் ஒரு முறையை வகுத்தார். மார்பின் முன்பக்கம் கீறி, கோணலான குருத்தெலும்புகளை நீக்கி, மார்பெலும்பை வெட்டி நிமிர்த்தி நிறுத்துவது. சுமார் 50 ஆண்டுகள் இதுவே ராஜபாட்டை. குழந்தைகளுக்குச் சீக்கிரமே செய்துவிட்டால் நல்லது என்றும் நினைத்தார்கள். அந்த நினைப்பு சில குழந்தைகளுக்கு வினையாக முடிந்தது. மிகச் சிறு வயதில் அளவுக்கு அதிகமாகக் குருத்தெலும்பை எடுத்ததால், வளர வேண்டிய இடமே போய், மார்புக்கூடு வளராமல் இறுகிவிட்டது. மூச்சுவிடவே இடமில்லாத நிலை. இதை 1996-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதி எச்சரித்தவர்களில் முதன்மையானவர் யார் தெரியுமா? அதே ஹாலர். அளவுகோலைத் தந்தவரே 'அவசரப்படாதீர்கள்' என்றும் சொன்னார்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் வர்ஜீனியா மாநிலம் நார்ஃபோக் நகரில் டொனால்ட் நஸ் என்ற குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர் வேறு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். குருத்தெலும்பை ஏன் வெட்ட வேண்டும், அதுதான் வளையுமே என்பது அவருடைய கேள்வி. கோணல் பற்களைக் கம்பி போட்டு நிமிர்த்துகிறோம். நாள்பட்ட நுரையீரல் நோய் வந்த முதியவர்களுக்கு மார்புக்கூடு பீப்பாய்போல உருமாறுகிறது, அதாவது வயதான எலும்புக்கூடுகூட உருமாறும். அப்படியானால் உள்ளே ஒரு வளைந்த உலோகப் பட்டையை வைத்து, மார்பெலும்பைப் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்துச் சில ஆண்டுகள் நிறுத்தினால்? 1987-ல் தொடங்கி, 10 ஆண்டு காத்திருந்து, 42 குழந்தைகளின் அனுபவத்தை 1998-ல் வெளியிட்டார். பத்தாண்டு பொறுத்திருந்து எழுதிய அந்த நிதானத்தை இன்றைய மருத்துவ விளம்பரங்களோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இன்று உலகம் முழுக்க 'நஸ் முறை' என்றால் இதுதான். மயக்க மருந்து கொடுத்தபின், இரண்டு பக்க விலாவிலும் சிறிய கீறல். ஒரு கேமரா உள்ளே போகும். மார்பெலும்புக்கும் இதயத்துக்கும் இடையே இருக்கும் குறுகிய சந்தில் ஒரு வழிகாட்டிக் கம்பியை நுழைத்து மறுபக்கம் எடுப்பார்கள். அந்த நபரின் மார்புக்கேற்ப வளைத்த எஃகு அல்லது டைட்டானியம் பட்டையை அதன் வழியே இழுத்து, பிறகு ஒரே திருப்பு. வில் போன்ற பட்டை முன்பக்கம் திரும்பும்போது, பல ஆண்டுகளாக உள்ளே கிடந்த மார்பெலும்பு அந்தக் கணத்திலேயே மேலே எழும்.

அந்தக் குறுகிய சந்துதான் ஆபத்தும். கம்பி இதயத்தைக் குத்திவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. மிக அரிது, கேமரா வந்தபின் இன்னும் அரிது. ஆனாலும் 'சின்ன ஆபரேஷன்தான்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தழும்புதான் சின்னது.

பெரியவர்களுக்கு என்ன வித்தியாசம்?

நஸ் முறை குழந்தைகளுக்காகப் பிறந்தது. வளர்ந்தவர்களின் எலும்பு விறைத்துவிடும், இனி வளைக்க முடியாது என்றே நீண்ட காலம் நினைத்தார்கள். 20 வயது தாண்டி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய மருத்துவமனைகள் ஏராளம். அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் இருவரைச் சொல்லலாம். ஒருவர், தென்கொரியாவின் பார்க் ஹியுங் ஜூ. பட்டையைத் திருப்புவதற்கு முன்பே கிரேன் மாதிரி ஒரு கருவியால் மார்பெலும்பை மேலே தூக்கிவிடும் முறையைக் கொண்டுவந்தார். இன்னொருவர், அமெரிக்காவில் அரிசோனா மாநில மேயோ கிளினிக்கின் டான் ஜரோஸ்யூஸ்கி. 30, 40, 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் இதைச் செய்து முடிவுகளை வெளியிட்டு வருபவர். குழந்தைப் பருவத்தில் ரேவிச் ஆபரேஷன் செய்து அது பலனளிக்காமல் போன பெரியவர்களும் இவரைத் தேடிச் செல்கிறார்கள்.

இவர்கள் கற்றுத்தந்த பாடம் எளிமையானது. பெரியவரின் மார்பெலும்பைத் தூக்கப் பெரும் விசை வேண்டும். அத்தனை விசையையும் ஒரே பட்டையின் மேல் ஏற்றினால் அது நழுவும், அல்லது விலா இடுக்குத் தசையைக் கிழித்துக்கொண்டு இறங்கும். அதனால் முதலில் கருவியால் எலும்பைத் தூக்கு, பிறகு இரண்டு அல்லது மூன்று பட்டைகளில் பாரத்தைப் பிரித்துக் கொடு, பட்டைகளை விலா எலும்போடு இறுகக் கட்டு. இப்படிச் செய்தும் எல்லோருக்கும் முடிவதில்லை. 30 வயதைத் தாண்டியவர்களில் சிலருக்கு, முக்கியமாகப் பள்ளம் ஒரு பக்கமாகக் கோணியிருப்பவர்களுக்கு, எலும்பையோ குருத்தெலும்பையோ வெட்டியும் ஆக வேண்டியிருக்கிறது. வயது கூடக் கூட இந்த வாய்ப்பு கூடுகிறது. ஆக, 'நாற்பதில் முடியுமா?' என்ற கேள்விக்குப் பதில், முடியும். ஆனால், இருபதில் செய்வதைவிடக் கடினம், வலியும் அதிகம், செய்து பழகிய கைகளும் குறைவு.

வலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே நாளில் மார்புக்கூட்டை முழுதாக வடிவம் மாற்றினால் எப்படி இருக்கும்? முதுகுத்தண்டு வழியே மருந்து செலுத்தியும், மார்ஃபின் வகை மருந்துகளிலும் ஒரு வாரம் வரை நோயாளிகள் மருத்துவமனையில் கிடந்தது உண்டு. சமீப ஆண்டுகளில் பெரிய மாற்றம் 'உறைய வைத்தல்'. ஆபரேஷனின்போதே விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகளை ஒவ்வொன்றாக மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே இரண்டு நிமிடம் குளிர்வித்துவிடுகிறார்கள். நரம்பின் உறை அப்படியே இருக்க, உள்ளிழை மட்டும் செயலிழக்கிறது. சில மாதங்களில் அது மீண்டும் வளர்கிறது. அதற்குள் மோசமான வலிக்காலம் கடந்துவிடும். மார்பு சில மாதம் மரத்துப்போயிருக்கும் என்பது இதற்கான விலை. பெரியவர்களில் சிலருக்கு நரம்பு திரும்ப வளரும்போது எரிச்சலும் கூச்சமும் வருகின்றன. இதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லோருக்கும் வேண்டாம்

2016 ரியோ ஒலிம்பிக்ஸில் 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீச்சலில் வெண்கலம் வென்றார் அமெரிக்காவின் கோடி மில்லர். தொடர் நீச்சலில் தங்கமும் வாங்கினார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அவருடைய மார்பின் நடுவே இருந்த பள்ளம் நன்றாகவே தெரிந்தது. ஆபரேஷன் செய்துகொள்ளாதவர். மறைக்கவும் இல்லை. இதை வைத்து 'எல்லோராலும் முடியும்' என்று சொல்லிவிட முடியாது. அவருடைய பள்ளம் வேறு, உங்கள் வீட்டுப் பிள்ளையின் பள்ளம் வேறு. ஆனால், பள்ளம் இருப்பதே நோய் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஜிம்மில் மார்புத் தசையை ஏற்றினால் பள்ளம் நிரம்பிவிடும் என்று நம்பும் இளைஞர்கள் அதிகம். தசை இரு பக்கமும் வளரும், எலும்பு இருந்த இடத்திலேயே இருக்கும். சிலருக்குப் பள்ளம் இன்னும் எடுப்பாகத் தெரியவும் செய்யும். ஆனாலும் உடற்பயிற்சி வீண் இல்லை. கூன் நிமிரும், தெம்பு கூடும், பாதி மனக்கவலை அதிலேயே போகும்.

'வேக்குவம் பெல்' என்று ஒன்று இருக்கிறது. எக்கார்ட் குளோபே என்ற ஜெர்மானியப் பொறியாளர் உருவாக்கியது. அவருக்கே இந்தப் பள்ளம் இருந்தது. கத்தியை வைக்காமல் வழி இல்லையா என்று யோசித்து, ரப்பர் கிண்ணம்போல ஒன்றை மார்பில் பொருத்திக் காற்றை உறிஞ்சி, எலும்பை மேலே இழுக்கும் கருவியைச் செய்தார். தினமும் பல மணி நேரம், மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் போட வேண்டும். சிறுவர்களுக்கும், ஆழம் குறைந்த, நெகிழ்வான மார்புக்கும் பலன் தெரிகிறது. விறைத்த மார்புள்ள பெரியவர்களுக்குப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் போலிகளை வாங்கித் தோலைக் கன்றவைத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவர் பார்த்து அளவு சொல்லித்தான் போட வேண்டும்.

இதயத்தில் அழுத்தமே இல்லை, பார்வைக்கு மட்டும்தான் குறை என்று உறுதியானால், பள்ளத்தின் அளவுக்கு வார்த்தெடுத்த சிலிக்கானைத் தோலுக்கும் தசைக்கும் அடியில் வைத்து நிரப்பும் முறையும் உண்டு. பிரான்ஸின் துலூஸ் நகர மருத்துவர்கள் இதில் பேர் பெற்றவர்கள். வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால், இதயம் நசுங்கியிருந்தால் இது பள்ளத்தை மூடி மறைக்குமே தவிர, நசுங்கலை எடுக்காது. எதற்காகச் செய்கிறோம் என்ற தெளிவு இங்கே மிக முக்கியம்.

யார் பணம் கொடுப்பது?

இங்கிலாந்தில் 2019-ல் அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ் இந்த ஆபரேஷனை வழக்கமாகச் செய்து தருவதை நிறுத்தியது. பலன் உண்டு என்பதற்கான ஆதாரம் போதாது என்று காரணம் சொன்னார்கள். அறிகுறிகளோடு காத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அறுவை மருத்துவர்களும் நோயாளிகளும் வாதாடிய பிறகு, மிகக் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் கதவு மீண்டும் திறந்தது. ஆதாரம் இல்லை என்றால் ஆதாரத்தைத் தேடுவோம் என்று 'ரெஸ்டோர்' என்ற பெயரில் முறையான ஒப்பீட்டு ஆய்வையும் தொடங்கினார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இதயம் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் ரத்தம் கூடுகிறது, ஓடும் திறன் மேம்படுகிறது என்று பல ஆய்வுகள் ஏற்கெனவே சொல்கின்றன. வித்தியாசம் பெரிதில்லை என்று சொல்பவையும் உண்டு. கடுமையாக நசுங்கியவர்களையும் லேசான பள்ளம் உள்ளவர்களையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்தால் முடிவு மங்கத்தான் செய்யும்.

நம் ஊரில் இதே வாதம் இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில் நடக்கும். அழகுக்கான சிகிச்சைக்குப் பாலிசியில் இடமில்லை. கூடவே 'வெளியே தெரியும் பிறவிக் குறைபாடு' என்று தனி வகை வேறு இருக்கிறது. பல பாலிசிகள் அதையும் விலக்கி வைத்திருக்கின்றன. ஆகவே, மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படிப்பதும், ஹாலர் எண், எக்கோ, ஓட்டப் பரிசோதனை முடிவுகளோடு இது இதயச் செயல்பாட்டுக்கான சிகிச்சை என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி முன் அனுமதி கேட்பதும் அவசியம். பிறகு கேட்டால் கிடைப்பது மன்னிப்புக் கடிதம்தான்.

மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி: "டாக்டர், நீங்க இதை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க? அதுல என் வயசுக்காரங்க எத்தனை பேர்?" நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். நிக்கல் உலோகம் தோலுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள், கவரிங் நகை போட்டால் அரிக்கிறது என்பவர்கள், அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். எஃகுப் பட்டையில் நிக்கல் உண்டு. அவர்களுக்கு டைட்டானியம்தான்.

பட்டையோடு சில ஆண்டுகள்

வீட்டுக்கு வந்த முதல் ஆறு வாரங்கள் வீட்டிலுள்ள எல்லோருக்கும்தான் சோதனை. மல்லாந்துதான் படுக்க வேண்டும். இடுப்பைத் திருப்பி எதையும் எடுக்கக் கூடாது. தண்ணீர் கேனைத் தூக்கக் கூடாது, ஓடிவரும் குழந்தையை அள்ளக் கூடாது. இந்தக் கடைசி விதியைக் குழந்தைக்குப் புரியவைப்பதுதான் இளம் அப்பாக்களுக்குக் கடினம். கார், பைக் ஓட்ட மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். மூச்சுப் பயிற்சியைத் தவற விடக் கூடாது. கம்ப்யூட்டர் முன் உட்காரும் வேலைக்கு ஒரு மாதத்தில் திரும்புபவர்கள் உண்டு. சுமை தூக்கும் வேலைக்கு மூன்று மாதமாவது ஆகும். குடும்பத்தின் வருமானமே உடலுழைப்பில்தான் என்றால் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்க்க வேண்டும்.

மார்பு புதிய வடிவத்துக்குப் பழகியதும், பெரியவர்களுக்குச் சுமார் மூன்று ஆண்டுகள் கழித்து, பட்டையை எடுத்துவிடுவார்கள். அதற்கும் மயக்க மருந்தும் ஆபரேஷன் தியேட்டரும் வேண்டும். பெரும்பாலானவர்கள் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் பள்ளம் ஓரளவு திரும்பலாம்.

பட்டை உள்ளே இருக்கும்வரை அந்தத் தகவலை எழுதிய அட்டை ஒன்று பர்ஸில் இருக்க வேண்டும். விமான நிலையச் சோதனையில் மணி அடித்தால் காட்டலாம், எம்.ஆர்.ஐ எடுக்கும் முன் டெக்னீஷியனிடம் காட்டலாம். அதைவிட முக்கியமானது, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருப்பது. பட்டை வைத்தவருக்கு எதிர்பாராமல் இதயம் நின்றுபோனால், உலோகம் இருக்கிறதே என்று பயந்து முதலுதவியை நிறுத்தக் கூடாது. வழக்கம்போல மார்பின் நடுவே அழுத்த வேண்டும், வழக்கத்தைவிடக் கூடுதல் பலத்தோடு. மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவி கிடைத்தால் அதன் ஒட்டுப்பட்டைகளில் ஒன்றை மார்பின் முன்பக்கமும் மற்றொன்றை முதுகிலும் ஒட்ட வேண்டும்.